எதுவும் கொடுக்காத ஊர்

"பயிற்சியால பிரயோசனம் இல்லைன்னு எழுதி அனுப்பிர வேண்டியதுதான், வினோத்" என்றாள் அனுசியா.

அவள் பொருளாதாரப் பேராசிரியை. குடி, அடிதடி, கண்மண் தெரியாமல் பைக் ஓட்டுவது என்று திரியும் இளவட்டங்களைத் திருத்த முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி, கோபத்தை அடக்கும் வகுப்பு எல்லாம் கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று சுந்தரபாண்டியத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், இரண்டு ஊரிலும் வம்புதும்பு ஒரே அளவில் குறைந்திருந்தது. பிறகு பயிற்சி எதற்கு என்று திட்டத்தையே மூடிவிடுவார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

உதவியாளன் வினோத் டீ வாங்கக் கிளம்பினான்.

அவன் போன செத்த நேரத்தில் பால்கோவாப் பொட்டலத்தோடு ஓர் அம்மாள் வந்து நின்றாள். பெயர் பரிபூரணம் என்றாள்.

"நீங்க நல்லா இருக்கணும் தாயி. எம் மகன் மாரீஸ்வரன் குடிச்சிட்டு பைக்க முறுக்கி, கால ஒடிச்சிக்கிட்டவன். போலீசு தேடி வராத மாசம் கெடையாது. இப்ப ஒழுங்கா மில்லு வேலைக்குப் போறான். எல்லாம் உங்க புண்ணியம்."

அனுசியாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு பிள்ளையாவது தேறினானே, அது போதும். அவளை உட்கார வைத்து, எந்தப் பயிற்சி அவனுக்குப் பிடித்தது, உடற்பயிற்சியா வகுப்பா என்று ஆசையாக விசாரித்தாள்.

பரிபூரணம் திருதிருவென்று விழித்தாள்.

"பயிற்சியா? எங்களுக்கு ஏது? நாங்க சுந்தரபாண்டியம்லா. உங்க ஆபீஸ் தம்பி ஒண்ணு சனிக்கிழமையானா வந்து பக்கத்துல உக்காரும். 'இந்த வாரம் குடிச்சியா, சண்ட போட்டியா, நல்லாத் தூங்குனியா'ன்னு கேக்கும். நான் கேட்டா எரிஞ்சு விழுவான். அந்தத் தம்பி மொகத்தப் பாத்து 'குடிச்சேன்'னு சொல்லக் கூச்சப்பட்டே குடிய விட்டுட்டான். ஆராய்ச்சி முடிஞ்சிட்டுன்னு சொல்லுதாக. அந்தக் கேக்கதை மட்டும் நிறுத்திராதிய தாயி."

டீயோடு உள்ளே வந்த வினோத்தை அனுசியா வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கணக்கெடுப்புக்காக வாரம் தவறாமல் இரண்டு ஊர்ப் பிள்ளைகளிடமும் போய் உட்கார்ந்து, அந்தக் கேள்விகளைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.