எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம்

"மேடம், ஒரு வாரமா இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே அழுத்தம்!" என்றார் ஆபரேட்டர்.

மாதக்கணக்கில் அவர்களோடு மல்லுக்கட்டிய உருளை அது. அகலமான பிளாஸ்டிக் சுருளில் மின்சுற்றை ஒட்டும்போது ஓரங்களில் அழுத்தம் குறையும்; அங்கே ஒட்டு பிடிக்காது. இப்போது அழுத்தத்தைக் காட்டும் திரையில் எல்லா இடத்திலும் ஒரே எண். மேலாளர் கைதட்டிக்கொண்டே வந்தார்.

பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"மேல் உருளையைத் தூக்குங்க."

"ஏம்மா, நல்லா ஓடுறதைக் கெடுக்கிறே?" என்றார் மேலாளர்.

ஆபரேட்டர் உருளையைத் தூக்கினார். இப்போது அது எதையும் அழுத்தவில்லை; ஆனாலும் திரையில் அதே எண் நின்றது.

ஆபரேட்டர் திரையைத் தட்டிப் பார்த்தார். "அப்போ அளக்கிற கருவியே வேலை செய்யலையா?"

"இந்த வாரம் ஓட்டின சுருளெல்லாம் எங்கே?" என்று கேட்டாள் பொறியாளர்.

"நோயாளிங்க உடம்புல ஒட்டுற பட்டையா வெட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியாச்சு" என்று மேலாளர் முணுமுணுத்தார்.

அவள் உடனே, ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருக்கும் தம்பிக்குப் போன் செய்தாள்.

"கவலையே படாதேக்கா" என்றான் அவன் உற்சாகமாக. "அப்பா நெஞ்சுல உங்க கம்பெனி பட்டையைத்தான் புதுசா ஒட்டியிருக்காங்க. மூச்சு நின்னா உடனே அலாரம் அடிக்குமாம். காலையிலேருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பா அசையாம தூங்குறார்."