நல்லசாமியின் குளியல்

கவுஞ்சி மலைக் குளிரில் வெந்நீர்கூட நடுங்கும். ஆனால் பூண்டு வியாபாரி நல்லசாமி ஒரு மாதமாகக் கொல்லையில் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை.

"எவளைத் தொட்டுட்டு வர்றீங்க?" என்றாள் மனைவி ராஜகுமாரி.

"ஒன் சோலியப் பாரு."

மறுநாள் அவள் அவனுடைய சோலியைப் பார்க்கப் பின்னாலேயே போனாள். பாழடைந்த துரை பங்களாவின் மதிலைத் தொந்தியோடு ஒரே தாவாகத் தாண்டினான் நல்லசாமி. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவளும் ஏறிக் குதித்தாள்.

புதருக்குள் படிகள் இறங்கின. கீழே, வில்லாய் வளைந்த கூரையோடு ஒரு கல் நிலவறை. உள்ளே எவளும் இல்லை. பூண்டு மூட்டைகள்தான்.

ராஜகுமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இதுக்கா ஒளிஞ்சு வந்தீங்க?"

"கத்தாத. வாடகை கெடையாது, ஈரம் கெடையாது. வெலை ஏறுற வரைக்கும் கெடக்கட்டும்."

"அப்ப குளியல் எதுக்காம்?" சிரித்தபடி ஒரு மூட்டையில் சாய்ந்தாள். அது சரிந்தது. பின்னால் சிலுவை செதுக்கிய பளிங்குப் பலகை. அதில் ஒரு வெள்ளைக்காரியின் பெயர். உடைந்த மூலை வழியாகச் சவப்பெட்டிமேல் நாலு பூண்டு உருண்டு கிடந்தது.

"பொணத்தோட இருந்துட்டுக் குளிக்காம வீட்டுக்குள்ள வரலாமா? நமக்கும் ஆசாரம் இருக்குல்ல?"

அவள் துள்ளி விலகினாள். "த்தூ! இதையா ரசத்துல தட்டிப் போட்டேன்?"

"சீச்சீ! வீட்டுக்கு வில்பட்டியில தனியா வாங்குறேன். இது ஊருக்கு விக்கிறது."

"அப்ப புள்ள பெத்துக் கெடக்குற என் தங்கச்சிக்குப் போன வாரம் குடுத்தனுப்புனீங்களே, ஒரு மூட்டை?"

படிகளை மூன்று மூன்றாக ஏறி ஓடிய நல்லசாமி, வந்தபோது தாவியதைவிட உயரமாக மதிலைத் தாண்டினான்.