வெயில் படாமல்

ஞாயிற்றுக்கிழமை நட்ட நடுப்பகலில் பூதத்தானை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு சந்துக்குள் வந்தார்கள்.

தாராவியில் அந்தச் சந்து ஓர் ஆள் நடக்கிற அகலம்தான். குறுக்கே கிடந்த தண்ணீர் டிரம்மைப் பக்கத்து வீட்டு ஷமீமா இழுத்து ஓரம் கட்டினாள். எதிர்வீட்டுக்காரி கொடியில் தொங்கிய ஈரச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், அவன் முகத்தில் உரசிவிடக் கூடாதே என்று.

“தலைய பாத்துல. செவத்துல இடிச்சிராத.”

சொல்லிக்கொண்டே முன்னால் வந்தவர் டீக்கடை கரீம் பாட்சா. ஒரு கையில் குடை. இன்னொரு கையில் பூதத்தானின் செருப்பு.

ஒயின் ஷாப்புக்கு எதிரே நடைபாதையில் கிடந்தானாம். முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று, தூக்க ஆள் சேருகிற வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாராம் மனுஷர்.

“மதினி, அண்ணாச்சிய ஒரு கீறல் இல்லாம டெலிவரி குடுத்தாச்சு. சரிபார்த்து எடுத்துக்கிடுங்க.”

சந்தே சிரித்தது. சண்முகவடிவும் சிரித்தபடி புருஷனைப் பாயில் வாங்கிக் கிடத்தினாள். பழகின கை. சட்டைப்பையில் போன், மணிக்கட்டில் வாட்ச், விரலில் கல்யாண மோதிரம். எல்லாம் இருந்தது.

“வாரம் பூரா வெல்டிங் பட்டறைல வேகுத மனுசன், பாவம். மோர் கரைச்சுக் குடு மதினி” என்றாள் ஷமீமா.

ஏதாவது சாப்பிட்டானா என்று கேட்டார்கள். ஏன் குடித்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏணிக்கு மேலே இருந்த மாடி அறையிலிருந்து மகள் இசக்கிசெல்வி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். கல்லூரி விழா முடிந்ததிலிருந்து அவள் அந்த ஏணியை விட்டுச் சரியாக இறங்கியதே இல்லை.

விழாவில் அவளும் குடித்தாள்தான். யாரும் வாயில் ஊற்றவில்லை. சிநேகிதிகள் கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தாள். தலை சுற்றிற்று. காலி வகுப்பறை ஒன்றில் போய்ப் படுத்தாள். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று பின்னாலேயே வந்த சீனியர் பையன் கதவை உள்ளே தாழிட்டான்.

நாளைக் காலை கல்லூரியில் விசாரணை. துணைக்கு வீட்டிலிருந்து ஒருவர் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

“குடிச்சிட்டு விழுந்தவளுக்கு நியாயம் கேக்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் வந்து நிக்க?” என்று சண்முகவடிவு அப்போதே சொல்லிவிட்டாள். பொட்டப்பிள்ளைக்குக் குடி எதுக்கு, கேட்டு வாங்கிக்கிட்டது என்று சந்தும் சொன்னது. இதே வாய்கள்தான். விஷயம் காதுக்கு வந்த அன்று பூதத்தான் ஒரு குவார்ட்டரைப் போட்டுவிட்டு வந்து, “குடிக்குத பிள்ள எனக்கு வேண்டாம்” என்றான்.

இப்போது அவள் இறங்கி வந்தாள். அவளைக் கண்டதும் சந்தில் பேச்சு நின்றது. கரீம் பாட்சா செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, அவள் பக்கம் பார்க்காமல் நகர்ந்துவிட்டார்.

தலையணை ஒன்றை எடுத்து அப்பாவின் தலைக்குக் கீழே செருகினாள். வாயோரம் வழிந்திருந்ததைத் துடைத்தாள்.

“அப்பா அவ்வளவு நேரம் ரோட்டுல கெடந்தாவல்லா. யாரும் ஒண்ணும் பண்ணலையாம்மா?”

“அவியள என்னட்டி பண்ணுவானுவ? நெனவில்லாமக் கெடக்குத மனுசனப் போயி எவனாவது...”

சண்முகவடிவால் அதை முடிக்க முடியவில்லை.

மகள் காத்திருந்து பார்த்தாள். பிறகு ஏணியில் ஏறிவிட்டாள்.

மோர் டம்ளரோடு சண்முகவடிவு நின்ற இடத்திலேயே நின்றாள். பாயில் பூதத்தானின் குறட்டை நிம்மதியாக ஏறி இறங்கியது.

“நாளைக்கு எத்தன மணிக்குட்டி போணும்?” என்று மேலே பார்த்துக் கேட்டாள்.



விழாவன்று சாயங்காலம் மகளையும் சிநேகிதிகள் இரண்டு பேர்தான் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். பை, போன், செருப்பு எல்லாம் ஒழுங்காகக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கும் இந்தக் கைதான் முதலில் மகளின் காதைத் தடவிப் பார்த்தது. கம்மல் இரண்டும் இருந்தன. கழுத்தில் செயின் இருந்தது. ஒன்றும் போகவில்லை, தாயே என்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டாள்.

கண்ணைத் திறக்காமலே மகள் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “கதவத் தெறக்கச் சொல்லும்மா, கதவத் தெறக்கச் சொல்லு” என்று அனத்திக்கொண்டே இருந்தாள்.

குடித்த வாய் உளறுகிறது என்றுதான் சண்முகவடிவு நினைத்தாள்.

“கதவு தெறந்துதாம்ட்டி கெடக்கு. பேசாமத் தூங்கு.”