புலி வருஷத்துப் பிள்ளை

கல் உப்பை ஒரு கை அள்ளி, வாசலில் நின்றவளின் காலடியில் வீசினாள் கும்சுக்கின் அம்மா. சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் மேலும், வேண்டாத விருந்தாளி மேலும் வீசுகிற உப்பு அது.

"போ வெளியே! நான் எந்தப் பிள்ளையையும் எந்த நாட்டுக்கும் குடுக்கலை!"

வந்தவள் பெயர் கிர்ஸ்டன். டென்மார்க்கில் வளர்ந்தவள். முகம் அச்சு அசல் கொரிய முகம், ஆனால் கொரிய மொழியில் ஒரு வார்த்தை வராது. காலில் விழுந்த உப்பைக்கூட உதறாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். பாவம், இந்த ஊரில் இப்படித்தான் வரவேற்பார்கள் என்று நினைத்துவிட்டாள் போல.

முற்றத்தில் குளிர்காலத்துக்குப் போடுகிற கிம்ச்சி ஊறுகாய்க்காக முட்டைக்கோஸ் மலையாகக் குவிந்து கிடந்தது. கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஓசியில் கிடைக்கிற வேடிக்கையை யார் விடுவார்கள்!

சத்தம் கேட்டு மகள் கும்சுக் கையில் கத்தியோடு எழுந்து வந்தாள்.

"அடியே, முதல்ல அந்தக் கத்தியைக் கீழே வை! புலி வருஷத்துல பொறந்தவ கையில கத்தியைப் பாத்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது" என்றாள் அடுத்த வீட்டு தொக்ஸுவின் அம்மா. கொரியாவில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர்; புலி வருஷத்துப் பெண் முரடி என்று ஒரு பேச்சு. கும்சுக் கத்தியை ஓரமாக வைத்தாள், எல்லோரும் சிரித்தார்கள்.

கும்சுக்கின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நீ ஏன் இங்க வந்தே? உள்ளே போ!" என்று மகள் மேல் எரிந்து விழுந்தாள்.

"யாரும்மா இவங்க?"

"யாரோ பைத்தியம். வீடு தெரியாம வந்து உயிரை வாங்குது."

கிர்ஸ்டனோடு வந்திருந்த மொழிபெயர்ப்பாளப் பெண் ஜிவொன் விடவில்லை. "கோபப்படாதீங்க பெரியம்மா. அனாதைப் பிள்ளைங்க விடுதியில பிள்ளையை விட்டவங்கன்னு உங்க பேருதான் எழுதியிருக்கு. உங்க பழைய ஊருக்குப் போய் விசாரிச்சுத்தான் இங்க வந்தோம். இவங்களுக்கு எதுவும் வேணாம். ஒரு தடவை உங்க கையைப் பிடிச்சுப் பாத்துட்டுப் போயிடுவாங்க."

"அந்த விடுதி வாசப்படியை நான் மிதிச்சதே இல்லை! போறீங்களா, இல்ல மொளகாக் கரைசலை எடுத்து ஊத்தட்டுமா?"

"ஏன் இப்படி வள்ளுன்னு விழுறே?" தொக்ஸுவின் அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "நீ இந்த ஊருக்கு வர்றப்பவே இடுப்புல கும்சுக்கோடதான் வந்தே. அதுக்கு முந்தின கதை எங்களுக்கு என்ன தெரியும்? பெத்திருந்தா பெத்தேன்னு சொல்லிட்டுப் போயேன்!"

கும்சுக் ஜிவொனிடம் திரும்பினாள். "இவங்க எந்த வருஷம் பொறந்தாங்க?"

"புலி வருஷம். ரெண்டு வயசுல விடுதிக்கு வந்திருக்காங்க."

கும்சுக் கிர்ஸ்டனைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நானும் புலி வருஷம்தானே... அப்ப நாங்க ரெட்டைப் பிள்ளைங்களா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே போதுமானதாக இருந்தது கும்சுக்குக்கு.

"ரெண்டு பேரைப் பெத்து, ஒருத்தியை இடுப்புல வச்சுக்கிட்டு ஒருத்தியை வெள்ளைக்காரங்ககிட்டத் தூக்கிக் குடுத்துட்டியா? எப்படிம்மா உனக்கு மனசு வந்துச்சு? இத்தனை வருஷமா உனக்குச் சோறு எறங்குச்சா?"

"கல்நெஞ்சக்காரி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இவளோட உக்காந்தா இவ்வளவு நாளா கிம்ச்சி போட்டோம்?" என்றது இன்னொன்று.

கும்சுக் மிளகாய் ஒட்டிய கையோடு ஓடிப்போய்க் கிர்ஸ்டனைக் கட்டிக்கொண்டாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகவே வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கிர்ஸ்டன், வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் மூக்கைச் சிந்தினார்கள்.

"இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். நான் இவளோடயே போறேன். நீ உன் முட்டைக்கோஸைக் கட்டிக்கிட்டு அழு!" என்றாள் கும்சுக், அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். சொன்னதோடு நிற்கவில்லை. கிர்ஸ்டனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

"போகாதேடி!" கும்சுக்கின் அம்மா உப்புத் தொட்டியருகே தொப்பென்று உட்கார்ந்தாள். "நான் அங்க விட்டது உன்னைத்தான்!"

கும்சுக் நின்றாள்.

"உங்கப்பா கடலோட போனப்ப உனக்குக் கஞ்சி ஊத்த வழியில்லை. உன்னைக் கொண்டுபோய் விட்டேன். குளிர் விடறதுக்குள்ளயே மனசு கேக்காம ஓடிப்போய்த் தூக்கிட்டு வந்துட்டேன். 'பாஸ்போர்ட் எடுத்தாச்சு, டென்மார்க்குல ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, இப்ப நான் யாரை அனுப்புவேன்'னு அந்த விடுதிக்காரன் என்னை அடிக்கவே வந்தான். உன்னைத் தூக்கிப்போட்டவ நான்னு உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான்டி இத்தனை நாள் மறைச்சேன். உன் பாஸ்போர்ட்டுல வேற பிள்ளையை ஏத்தி அனுப்பியிருக்கான் படுபாவி. இது யார் பெத்த பிள்ளையோ, எனக்கென்ன தெரியும்!"

கிர்ஸ்டனைப் பிடித்திருந்த கும்சுக்கின் கை தானாக நழுவியது.

கிர்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஜிவொனின் தோளைத் தொட்டாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?"