பதினாறாம் கோடு

இந்தக் காலத்து ஆட்கள் சொந்தக் கண்ணை விட்டுவிட்டுப் பொத்தானை நம்புகிறார்கள். மகள் றுஸ்னா, வாங்கிவந்த இன்சுலின் பேனா ஊசியோடு வாசலில் நிற்கிறாள்.

“ஒங்கட கண் மங்கிட்டு வாப்பா. இண்டைக்கிக் கோடு பிழைச்சா, நாளையிலிருந்து இதாலதான் நான் போடுவன்.”

கலங்கலான இன்சுலின் போத்தலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்குள் உருட்டுகிறேன். பிஸ்மில்லாஹ் சொல்லி, கடல் பக்கமிருந்து வரும் காலை வெயிலுக்கு நேரே பிடித்து மருந்தை இழுக்கிறேன். ஊசிக்குழாயில் ஒரு குமிழி நிற்கிறது. சுண்டி, மேலேற்றி, போத்தலுக்குள்ளேயே தள்ளிவிட்டு மீண்டும் இழுக்கிறேன்.

“பதினாறு.”

அவள் போனில் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்க்கிறாள். பிறகு சிரிக்கிறாள்.

“ஓம், பதினாறுதான்.”

வயிற்றைக் கிள்ளி ஊசியைப் போடுகிறேன். பதினெட்டு வருசப் பழக்கம், நோகவில்லை.

“இதுல திருப்பிப் பொத்தானை அமத்தினா டிக்கெண்டு சத்தம் கேக்கும் வாப்பா.”

“சத்தம் கேட்டா மருந்து உள்ள போயிட்டெண்டு ஆரு சொன்ன மகள்?”

பேனாவைத் தொடாமலே இடியப்பம் தின்னப் போகிறேன்.