அடுப்பில் காய்ந்த பாட்டு

"என் அடுப்புல ரொட்டி வேகும், தங்கச்சி. பாட்டெல்லாம் வேகாது" என்றார் கலோரிப்.

தென்கடல் தீவு நாடொன்றின் தலைநகரான போர்ட் விலாவில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் விறகடுப்பு வைத்து ரொட்டி சுடுகிறவர் அவர். எதிரே நின்ற லெய்பாக்கோவாவின் கையில் தட்டையான அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே, நாட்டு வானொலி நிலையத்தின் முத்திரை போட்ட பழைய டேப் சுருள்.

"வேக வேண்டாம் அண்ணே, காய்ஞ்சா போதும். ஈரம் குடிச்சுப் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. இப்படியே மெஷின்ல போட்டா பூச்சு உரிஞ்சுக்கிட்டு வரும், பாட்டும் அதோட போயிடும். எட்டு மணி நேரம் இளஞ்சூட்டுல இருந்தா ஒரு தடவையாவது ஒழுங்கா ஓடும். அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்திடுவேன்."

"உங்க வானொலிக்கு ஒரு அடுப்பு வாங்க வக்கில்லையா?"

அவள் சிரித்தாள்.

"சரி, சூடு கூடிப் போச்சுன்னா?"

"டேப் சுருண்டுடும். இதுக்கு வேற பிரதி எங்கேயும் கிடையாது."

"அந்தப் பழி எனக்கெதுக்கு? போ, போ."

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி லெய்சாலே தலையை நீட்டினாள். "ரொட்டி எடுத்தப்புறம் அடுப்பு சும்மா ஆறிக்கிட்டுதானே கிடக்கு? நேத்து நீங்க கருக்கின ரொட்டியை விடவா மோசமாப் போயிடப் போகுது? வச்சுட்டுப் போம்மா."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லெய்பாக்கோவா வந்தாள். இருட்டோடு தொடங்கும் அவள் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது.

"என்ன, காலை ஒலிபரப்பு முடிஞ்சுதா?" என்று கலோரிப் சீண்டினார்.

அவள் அடுப்புக்குள் வெப்பமானியை வைத்தாள். ஐம்பத்தைந்து டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருந்து, தட்டில் சுருளை வைத்து உள்ளே தள்ளினாள். கதவு முழுதும் மூடாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். பிறகு அங்கேயே ஒரு மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் கடல் காற்று திரும்பியது. அணைந்ததாக நினைத்த கங்கு ஓரத்தில் கனிந்தது. அறுபது... அறுபத்திரண்டு... அவள் எழுவதற்குள் கலோரிப் பாய்ந்து, வெறுங்கையாலேயே தட்டை இழுத்துவிட்டார்.

"கை, அண்ணே?"

"முப்பது வருஷமாச் சுட்ட கைதான். நீ டேப்பைப் பாரு."

டேப் பிழைத்திருந்தது.

சாயங்காலம், மிஷன் பள்ளியில் மூலையில் கிடந்ததைக் கேட்டு வாங்கித் தானே பழுது பார்த்த மெஷினைக் கடை வாசலில் வைத்துச் சுருளை மாட்டினாள். முதலில் இரைச்சல். அப்புறம் உக்குலேலே என்ற குட்டிக் கித்தாரின் இசை துள்ளிக்கொண்டு வந்தது. அதன் மேல் ஐந்தாறு ஆண்கள், தொண்டை கிழிய, உச்சத்தில் பாடினார்கள். ரொட்டிக்கு நின்ற வரிசை அப்படியே நின்றது.

லெய்சாலே மாவுக் கையோடு வெளியே வந்தாள். "சுதந்திரம் வந்த வாரம் துறைமுகத்துல பாடினது இது. எங்கப்பா தோள் மேல உட்கார்ந்து கேட்டேன். இது அழிஞ்சு போச்சுன்னு இல்ல சொன்னாங்க?"

கலோரிப் அடுப்புத் தட்டை எடுத்துச் சாணால் அளந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "நாளைக்கு எத்தனை கொண்டு வருவே?"

"ரெண்டு."

"தட்டுல ஆறு பிடிக்கும். ஆறா கொண்டு வா."

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. பத்தொன்பது சுருள்கள் பிழைக்கவில்லை. நானூற்று முப்பது பிழைத்தன.

சுதந்திர தினத்துக்கு நான்கு நாள் முன்பு, எல்லாப் பாட்டையும் ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு லெய்பாக்கோவா வானொலி நிலையத்துக்குப் போனாள். பூப்போட்ட சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கலோரிப்பும் லெய்சாலேயும் கூடவே போனார்கள்.

நிலைய இயக்குநர் புலே முதல் பாட்டைப் பாதிதான் கேட்டார். எழுந்து ஒலிபரப்பு அறைக்கு ஓடினார். போய்க்கொண்டிருந்த மீன் விலை நிலவரத்தை நிறுத்தச் சொன்னார். பாட்டு நாடு முழுக்கப் போயிற்று.

முதல் தொலைபேசி தன்னா தீவிலிருந்து. அடுத்தது சாண்டோவிலிருந்து. ஒரு பெண், பாடுகிறவர்களில் மூன்றாவது குரல் தன் அண்ணனுடையது என்று சொல்லி அழுதாள். அதன் பிறகு மணி நிற்கவே இல்லை. நடைபாதையில் ஊழியர்கள் கூடி நின்று பாடத் தொடங்கினார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கலோரிப்பும் உரத்துப் பாடினார்.

புலே கண்ணைத் துடைத்துக்கொண்டு லெய்பாக்கோவாவிடம் வந்தார்.

"புயல்ல கூரை பறந்து ஒரு வாரம் நனைஞ்ச டேப்புங்க, அம்மா. எல்லாம் போச்சுன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க எந்த மியூசியம்?"

கலோரிப்பின் பாட்டு நின்றது. "என்ன சார் கேக்குறீங்க? இவ உங்க ஆள் இல்லையா?"

"இல்லையே. முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான். இத்தனை டேப்பும் உங்க கைக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"நீங்கதான் சார் கொடுத்தீங்க. இனிப் பிரயோஜனமில்லை, குப்பை மேட்டுல கொட்டிடுன்னு சொல்லி, பக்கத்துல நின்னு ஏத்தி விட்டீங்க" என்றாள் லெய்பாக்கோவா. "அந்தக் குப்பை லாரியை ஓட்டிக்கிட்டுப் போனது நான்தான்."