போயிட்டாரு

அந்த ஆள் கதவைத் தட்டிவிட்டு வந்தாரா, தட்டாமலே உள்ளே வந்தாரா என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மழை பெய்ததாகக்கூட ஒரு நினைப்பு. அது வேறொரு சனிக்கிழமையாகவும் இருக்கலாம்.

அவர் கேட்டது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

"நான் செத்துட்டேன்னு சொல்லி இங்க ஒருத்தி வாராவாரம் அழுதுட்டிருக்காளாமே?"

பிசியோதெரபி கிளினிக்கின் மாடியறை அது. மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்போம். ஆளைப் பறிகொடுத்தவர்கள் சனிக்கிழமை மாலைகளில் அங்கே கூடுவோம். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் நடத்தினார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்.

என் பக்கத்து நாற்காலியில் இருந்த பட்டன் அக்கா மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பட்டனும் நூலும் விற்கும் கடை வைத்திருந்ததால் அவர் பட்டன் அக்கா. லிஃப்ட் பழுது பார்ப்பதால் நான் லிஃப்ட் தம்பி. அண்ணனை இழந்த தபால்காரர் ஒருமுறை, "மேலே போனவங்களை உன் லிஃப்ட்ல கீழ கொண்டுவர முடியாதாப்பா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தோம். பிறகு எல்லோரும் அழுதோம்.

என் மனைவி இறந்தபின் பல வாரங்கள் அந்த வட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் அறவே போய்விட்டது. கட்டிலில் அவள் பக்கம் காலியாகக் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன், விடிந்துவிடும். அதை முதன்முதலாகப் பட்டன் அக்காவிடம்தான் சொன்னேன்.

"அவ படுத்த பக்கத்துல நீ படு தம்பி. அப்போ காலியா கிடக்கறது உன் இடம்தானே."

அன்று தூங்கினேன்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி வேலைக்குப் போனேன், ஆட்களோடு பேசினேன், சோறு தின்றேன். என்னைப் போலவே காலிக் கட்டிலைப் பார்த்தவர் சொன்னது என்பதால் அதை நம்பினேன்.

இப்போது அக்காவின் புருஷன், படிய வாரிய தலையோடு, முழு உயிரோடு எதிரே நிற்கிறார்.

"ஏதோ புத்தி கெட்டுப்போய் இன்னொருத்தியோட கொஞ்ச வருஷம் இருந்துட்டேன். அதுக்காக ஆளையே பொணமாக்கிடறதா?"

அக்கா தலை நிமிராமல் சொன்னார்.

"போயிட்டாருன்னுதான் சொன்னேன். செத்துட்டாருன்னு நான் சொல்லவே இல்லை."

உண்மைதான். முதல் நாள் சிஸ்டர் விசாரித்தபோது, "அவரு போயிட்டாரு" என்றார். அழுதார். அதற்குமேல் யார் தோண்டிக் கேட்பார்கள்? நாங்கள் எல்லோருமே அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருந்தோம். இன்னொரு வார்த்தை எங்களில் ஒருவருக்கும் வாயில் வந்ததில்லை.

அந்த நிமிஷம் எனக்கு அக்காமேல் வந்தது கோபம் இல்லை. வயிற்றெரிச்சல்.

எப்படிப் போனால் என்ன, திரும்பி வந்திருக்கிறாரே. என் வீட்டு வாசலில் அப்படி ஒரு நிழல் விழுமென்றால், அவள் யாரோடு போயிருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

சிஸ்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, "தயவுசெஞ்சு வெளியே போங்க" என்றார்.

அந்த ஆளைத்தான் சொன்னார். பிற்பாடு என்னிடம் சத்தியம் செய்துகூடச் சொன்னார்.

ஆனால் எழுந்தது அக்கா.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். தன் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். புருஷனைத் தாண்டி வெளியே போனார். ஒருவரும் தடுக்கவில்லை. வட்டத்தில் என் பக்கத்தில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது.

நான் பின்னாலேயே ஓடினேன். பாதிப் படிக்கட்டில் பிடித்துவிட்டேன். சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு.

"உங்களுக்காவது வந்துட்டாரே அக்கா."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கீழே கிளினிக்கில் யாரிடமோ முட்டியை மடக்கு, நீட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வந்தவரு வேற தம்பி" என்றார் அக்கா. "நான் அழுதது போனவருக்கு."

எனக்கு அது அப்போது புரியவில்லை. ஆனாலும் எழுந்து போகத் தோன்றவில்லை.

அந்த ஆள் இறங்கி வந்து எங்களுக்கு இரண்டு படி மேலே நின்றார். வழிவிடச் சொல்லவும் தெரியாமல், திரும்பிப் போகவும் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

அக்கா அவரை வீட்டில் சேர்த்துக்கொண்டார். சில வருடங்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர் படுக்கையில் விழுந்தபோது குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டதும் அக்காதான். அவர் இறந்த அன்று நாங்கள் போனோம். வந்தவர்களுக்கு அக்கா நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார், அழவில்லை. தபால்காரர் மகளோடு வேறு ஊருக்குப் போனார். சிஸ்டருக்கு ஞாபகம் தவறிப்போய், கூட்டம் தானாக நின்றுவிட்டது. நான் தனியாகத்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்து, சாப்பிட்டியா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். அதற்குப் பிறகு இருவரும் எதுவும் பேசுவதில்லை. போனை வைப்பதும் இல்லை.